வேலை பெருங்குடியில், தூக்கம் லண்டனில்

(ஒலிப்பதிவை எழுத்தாக்கி, சற்றே செப்பனிட்டிருக்கிறோம். பேச்சு வழக்கை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

தூக்கத்தைப் பத்தி போன முறை பேசினதுக்கு அப்புறம், கிட்டத்தட்ட ஒரே கேள்வியை நிறைய பேர் அனுப்பியிருந்தீங்க. "நான் நைட் ஷிஃப்ட். பகல்ல படுத்துத் தூங்கிடறேன். கணக்குப் பார்த்தா தூக்கம் போதுமானதுதான். அப்புறம் ஏன் மனசு இப்படிக் கிடக்கு?" இன்னைக்கு இந்த ஒரு கேள்விதான்.

நான் டாக்டர் இல்லை. பெருங்குடியில் ஒரு கம்பெனியில் ஐந்து வருஷம் நைட் ஷிஃப்ட் பார்த்தவள். அதில் கடைசி ஒன்றரை வருஷம் டிப்ரஷனில் இருந்தேன். அதுக்கு டிப்ரஷன்னு பேருன்னு தெரியாமலே முதல் எட்டு மாசம் ஓடிப்போச்சு. அப்புறம்தான் இதையெல்லாம் படிக்க ஆரம்பிச்சேன். நான் படிச்சதும் பட்டதும் இந்தப் பேச்சில் கலந்தே வரும்.

எங்கள் வேலை அமெரிக்காவின் கிழக்குக் கரை நேரத்துக்கு. அங்கே காலை 9 மணி என்றால் இங்கே சாயங்காலம் 6.30. நவம்பர்ல அவங்க கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளுவாங்க. உடனே இங்கே எங்க கேப்பும் ஒரு மணி நேரம் தள்ளி வரும். மார்ச்ல மறுபடி பழைய நேரம். வாஷிங்டன்ல போட்ட ஒரு சட்டத்துக்கு மடிப்பாக்கத்துல எங்க அம்மா உலை வைக்கிற நேரம் மாறும்.

ஷிஃப்ட் 3.30க்கு முடியும். துரைப்பாக்கம் சிக்னல்ல திரும்பி, ரேடியல் ரோட்டுல சதுப்பு நிலத்தைத் தாண்டி வீட்டுக்குப் போவோம். குப்பைமேட்டு வாசனை கண்ணாடியை ஏத்தினாலும் உள்ளே வரும். முன் சீட்டுல செக்யூரிட்டி அண்ணன் தூங்கி வழிஞ்சுட்டு வருவார். வீட்டுக்கு வந்து படுக்க அஞ்சு மணி ஆகும். ஆறு மணிக்கு ஜன்னல்ல வெயில். எட்டு மணிக்குத் தண்ணி லாரி. ஒன்பதுக்கு கேஸ்காரர். நானும் அம்மாவும் மட்டும்தான், அம்மா ஒரு டம்ளரைக்கூட சத்தமில்லாமத்தான் வைப்பாங்க. ஆனா தெரு அப்படி இருக்காது இல்லையா. பதினோரு மணிக்குமேல் என்னால் படுத்திருக்க முடியாது.

முதல் மூணு வருஷம் பெரிசா ஒன்னும் தெரியல. வயசு, சம்பளம், கூட வேலை பார்க்கிற கும்பல், ராத்திரி ஒரு மணி பிரியாணி. அப்புறம் மெதுவா ஏதோ குறைய ஆரம்பிச்சது. அழுகை எல்லாம் வரல. சொல்லப்போனா எதுவுமே வரல. எழுந்ததும் நெஞ்சுல ஒரு பாரம், சாயங்காலம் ஆனா கொஞ்சம் லேசாகும். பாட்டு கேட்கப் பிடிக்கல. அம்மா ஏதாவது கேட்டா பதில் சொல்ல ரெண்டு வார்த்தையைத் தேட வேண்டியிருக்கும். பெரியம்மா பொண்ணு கல்யாணத்துக்குப் போயிட்டு மண்டபத்து மாடிப்படியில ஒரு மணி நேரம் தனியா உட்கார்ந்திருந்தேன். காலையில் படுக்கும்போது, எழுந்திரிக்காமலே போயிட்டா நல்லாருக்குமேன்னு ஒரு நாள் தோணுச்சு. அப்புறம் பல நாள் தோணுச்சு.

இதை எனக்கு நானே "டயர்டு"ன்னு சொல்லிக்கிட்டேன். இந்த இடத்துல நம்ம மொழியும் கொஞ்சம் காலை வாரி விடுதுன்னு நினைக்கிறேன். மனச்சோர்வு என்கிறோம். சோர்வுன்னா என்ன பண்ணணும்? தூங்கணும். டீம் லீடர்ல ஆரம்பிச்சு மாமா வரைக்கும் எல்லாரும் சொன்னது அதுதான்: "ரெண்டு நாள் லீவு போட்டு நல்லா தூங்கு, சரியாயிடும்."

கடைசியில் அம்மாதான் பிடிவாதமா ஒரு மனநல மருத்துவர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. "ஏன் கவலையா இருக்கீங்க"ன்னு கேட்பாங்கன்னு எதிர்பார்த்துப் போனேன். அந்த டாக்டரம்மா முதல்ல கேட்டது, "எத்தனை மணிக்குத் தூங்கி எத்தனை மணிக்கு எழுந்திருக்கறீங்க? சனி, ஞாயிறு எப்படி?" சாகணும்னு தோணுதான்னும் நேரடியா கேட்டாங்க. தோணுதுன்னேன். மாத்திரை எழுதினாங்க. கூடவே ரெண்டு வாரத்துக்குத் தூக்க நேரத்தை ஒரு நோட்டுல எழுதிட்டு வரச் சொன்னாங்க.

அந்த நோட்டைப் பார்த்து அவங்க போட்ட கணக்கை இன்னைக்கும் மறக்கல. வேலை நாளில் நான் தூங்குவது காலை 5லிருந்து 11 வரை. தூக்கத்தின் நடுப்புள்ளி காலை 8. வார இறுதியில் அம்மா, சொந்தக்காரங்க, கோவில், சினிமா என்று எல்லாரோடும் இருக்கணுமேன்னு ராத்திரி 11.30க்குப் படுத்து 7.30க்கு எழுவேன். நடுப்புள்ளி 3.30. வித்தியாசம் நாலரை மணி நேரம். கோடையில் நமக்கும் லண்டனுக்கும் இருக்கும் வித்தியாசம் அதேதான். "அஞ்சு நாள் உங்க தூக்கம் லண்டன் நேரத்துல இருக்கு. சனிக்கிழமை ஃபிளைட் பிடிச்சு சென்னை வர்றீங்க, திங்கக்கிழமை திரும்பப் போறீங்க. வருஷத்துல ஐம்பது தடவை"ன்னாங்க. மியூனிக்கில் இருக்கும் டில் ரோனபெர்க் என்ற ஆய்வாளர் இதுக்கு "சமூக ஜெட்லாக்"னு 2006லேயே பேர் வைத்துவிட்டார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

சரி, தூக்கம் நேரம் மாறினா என்ன? அளவு போதாதா? இதுக்கு உடம்புக்குள்ள இருக்கிற கடிகாரத்தைக் கொஞ்சம் பார்க்கணும்.

மூளையில், இரண்டு கண் நரம்புகளும் குறுக்கே சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே, அரிசி மணியை விடச் சின்னதாக ஒரு ஜோடி முடிச்சுகள் இருக்கின்றன. சுமார் 20,000 நரம்பணுக்கள். உடம்பின் தலைமைக் கடிகாரம் இதுதான். இதன் சொந்தச் சுற்று சரியாக 24 மணி நேரம் இல்லை, பெரும்பாலோருக்குச் சில நிமிடங்கள் கூடுதல். அதனால் தினமும் யாராவது அதைத் திருத்தி வைக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது வெளிச்சம். நம் விழித்திரையில், பார்ப்பதற்காக அல்லாமல் வெளிச்சத்தின் அளவை இந்தக் கடிகாரத்துக்குச் சொல்வதற்கென்றே தனி அணுக்கள் உண்டு. ஈரல், குடல், தசை என்று ஒவ்வொன்றுக்குள்ளும் குட்டிக் கடிகாரங்கள் இருக்கின்றன. அந்தக் கடிகாரம் அணுவுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்ததற்குத்தான் 2017இல் ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

நம்ம ஊர்லயே இதுக்கு ஒரு பெரிய வரலாறு இருக்கு, அதை யாரும் சொல்றதில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் என்று ஒரு விலங்கியல் பேராசிரியர் இருந்தார். ஜெர்மனியில் டூபிங்கன் பல்கலைக்கழகத்தில், இந்தத் துறையின் முன்னோடியான எர்வின் பியூனிங்கிடம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். மதுரையில் மனிதர்களை வைத்தே சோதனை செய்யத் தனியறை ஒன்று அமைத்தார். உள்ளே வெயில் தெரியாது, கடிகாரம் கிடையாது, வெளிச் சத்தம் வராது. தன்னார்வலர்கள் நாள்கணக்கில் அதற்குள் இருப்பார்கள், தூக்கம் வந்தால் தூங்குவார்கள், பசித்தால் சாப்பிடுவார்கள். அப்படி இருந்தவர்களில் சிலருக்குத் தூக்கம் ஒரு தாளத்திலும் உடல் வெப்பம் வேறொரு தாளத்திலுமாகப் பிரிந்து ஓடியது. ஒரே உடம்பு, ரெண்டு நேரம்.

நைட் ஷிஃப்ட்ல நடக்கிறது கிட்டத்தட்ட இதுதான். நம்மைக் கட்டாயப்படுத்தி முழிச்சிருக்க வைக்கலாம். ஆனா உடல் வெப்பம் எப்போ இறங்கணும், கார்ட்டிசால் எப்போ ஏறணும், மெலட்டோனின் எப்போ சுரக்கணும்னு முடிவு பண்றது அந்தக் கடிகாரம். பகல்ல படுத்தா உடம்பு எழுப்பி விடற நேரத்துல தூங்கப் பார்க்கறோம். அதனால அந்தத் தூக்கம் மேலோட்டமா இருக்கு, சீக்கிரம் கலையுது. "வருஷக்கணக்கா நைட் பார்த்தா உடம்பு பழகிடும்"னு சொல்வாங்க. பெரும்பாலோருக்கு முழுசா பழகுறதே இல்லை. காலை வெயில் ஒரு பக்கம், வார இறுதி இன்னொரு பக்கம், கடிகாரத்தைப் பகலுக்கே இழுத்துட்டு இருக்கும்.

சந்திரசேகரன் குழுவின் இன்னொரு ஆய்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1981இல் மாரிமுத்து, ராஜன் ஆகியோருடன் சேர்ந்து வெளியிட்டது. மதுரைப் பக்கத்துக் குகையில் இருக்கும் வவ்வால்கள். சூரியனே எட்டாத இருட்டில், கூண்டில் அடைத்த ஒரு வவ்வாலை அதன் கூட்டம் இருக்கும் குகையில் வைத்தார்கள். கூட்டம் சாயங்காலம் வெளியே பறப்பதையும் விடியலில் திரும்புவதையும் வைத்தே அது தன் நேரத்தைச் சரியாக வைத்துக்கொண்டது. கூட்டமே இல்லாத குகையில் தனியாக வைத்தபோது அதன் நேரம் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போனது. இதைப் படிச்சப்போ எனக்கு அந்த மண்டபத்து மாடிப்படிதான் ஞாபகம் வந்தது. வவ்வாலிலிருந்து மனுஷிக்குத் தாவுறது விஞ்ஞானம் இல்லைன்னு தெரியும், சும்மா சொல்றேன்.

இப்போ டிப்ரஷனுக்கு வருவோம். கடிகாரத்துக்கும் அதுக்கும் தொடர்பு இருக்குன்னு மருத்துவர்கள் ரொம்ப காலமாவே பார்த்துட்டு இருக்காங்க. கடுமையான மனச்சோர்வில் இருப்பவர்கள் பலர் வழக்கத்தைவிட ரெண்டு மணி நேரம் முன்னாடியே விழித்துவிடுவார்கள். காலையில்தான் மோசமாக இருக்கும், பொழுது போகப் போகக் கொஞ்சம் தேறும். இதைவிட விசித்திரமான ஒன்று, சந்திரசேகரன் இருந்த அதே டூபிங்கனில் நடந்தது. 1971இல் ஃப்ளூக், டோலே என்ற இரண்டு மருத்துவர்கள், மனச்சோர்வு நோயாளிகளை ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கவிடாமல் வைத்தால் மறுநாள் பலருக்கு மனம் தெளிகிறது என்று எழுதினார்கள். பிறகு பல இடங்களில் செய்து பார்த்ததில் சுமார் பாதிப்பேருக்கு அப்படி ஆகிறது. ஆனால் அடுத்த தூக்கம் போட்டதும் பெரும்பாலும் பழைய நிலைக்கே திரும்பிவிடுகிறார்கள். தயவுசெய்து யாரும் வீட்டில் முயற்சி செய்யாதீங்க, இது மருத்துவமனையில் கண்காணிப்போடு செய்வது. இதை நான் சொல்றது ஒரே காரணத்துக்குத்தான். தூக்கம் கம்மியானதால் மட்டும் மனச்சோர்வு வருதுன்னா, தூக்கத்தைப் பறிச்சா எப்படி ஒரு நாளைக்காவது சரியாகும்? அளவைத் தாண்டி நேரத்தில் ஏதோ இருக்கு.

2018இல் பிரிட்டனில் 91,105 பேருக்கு ஒரு வாரம் கையில் கருவி கட்டிப் பார்த்தார்கள். பகலில் சுறுசுறுப்பு, ராத்திரியில் ஓய்வு என்ற வித்தியாசம் தெளிவாக இல்லாதவர்களிடம் மனச்சோர்வும் இருமுனைக் கோளாறும் கூடுதலாக இருந்தன, தனிமை உணர்வும் கூடுதல். ஷிஃப்ட் வேலை பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2019ஆம் ஆண்டுத் தொகுப்பு ஒன்றில், ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கு மனச்சோர்வு அறிகுறிகள் வரும் ஆபத்து மூன்றில் ஒரு பங்கு அதிகம். எது முதலில், எது பிறகு என்று கேட்டால் இரண்டு பக்கமும் ஓடுகிறது. கடிகாரம் குலைந்தால் மனம் குலைகிறது. மனம் குலைந்தவர் வெளியே போவதில்லை, வெளிச்சம் பார்ப்பதில்லை, நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை, கடிகாரம் இன்னும் குலைகிறது. நைட் ஷிஃப்ட் பார்க்கும் எல்லாருக்கும் டிப்ரஷன் வருவதும் இல்லை. என் டீமில் பத்து வருஷமாக ஜாலியாக இருந்த ஆளும் உண்டு.

சென்னைக்காரங்க தெரிஞ்சுக்க வேண்டிய இன்னொரு ஆய்வு 2021இல் வந்தது. சென்னையில் குறைந்த வருமானமுள்ள 452 பேரை வைத்துப் பொருளாதார ஆய்வாளர்கள் செய்தது. எட்டு மணி நேரம் படுத்திருக்கிறார்கள், ஆனால் தூங்குவது சராசரியாக ஐந்தரை மணி நேரம். சத்தம், கொசு, புழுக்கம். அவர்களுக்கு உதவிகள் செய்து ராத்திரித் தூக்கத்தை 27 நிமிடம் கூட்டினார்கள். வேலைத்திறனிலோ மனநிலையிலோ கண்டுபிடிக்கும்படியான மாற்றம் எதுவும் இல்லை! ஆனால் வேலை செய்யும் இடத்திலேயே மத்தியானம் சின்னதாக ஒரு குட்டித் தூக்கம் போட இடம் கொடுத்தபோது, மனநிலையும் வேலையும் இரண்டுமே தேறின. அவர்கள் நைட் ஷிஃப்ட்காரர்கள் இல்லை, அதனால் அப்படியே நமக்குப் பொருத்த முடியாது. ஆனா "எத்தனை மணி நேரம்" என்ற ஒரே கேள்வி போதாதுன்னு இது காட்டுது.

எனக்கு என்ன செஞ்சாங்கன்னு கேட்பீங்க. மாத்திரை ஒரு பக்கம். கூட நாலு விஷயம் சொன்னாங்க. அதுல ஒன்னு எனக்கு ஒத்துவரவே இல்லை, மூச்சுப் பயிற்சி. மத்த மூணு உதவுச்சு.

முதலாவது வார இறுதி. "முழுசா சென்னைக்கு வராதீங்க, பாதி வழியில நில்லுங்க"ன்னாங்க. அதாவது சனி, ஞாயிறுல 11.30க்குப் படுக்காம ரெண்டரை, மூணு மணிக்குப் படுத்து பத்துக்கு எழுந்திருக்கறது. வேலை நாள் தூக்கமும் வார இறுதித் தூக்கமும் அஞ்சு மணி நேரமாவது ஒன்னு மேல ஒன்னு விழணும்னு பேரம் முடிஞ்சுது. சொந்தக்காரங்க திட்டினாங்க. காலை முகூர்த்தம் எல்லாத்துக்கும் அம்மா மட்டும் போனாங்க.

ரெண்டாவது வெளிச்சம். "ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் வெயில் பார்க்கறீங்க?"ன்னு கேட்டாங்க. யோசிச்சுப் பார்த்தா கேப் ஏறும்போது மட்டும்தான். சென்னையில உட்கார்ந்துட்டு வெளிச்சத்துக்குப் பஞ்சம்! ஆபீஸ் டியூப்லைட் 300லிருந்து 500 லக்ஸ் இருக்கும். மேகமூட்டமான பகலிலும் வெளியே பல ஆயிரம் லக்ஸ், நிழலில் நின்றாலும் ஆபீஸை விடப் பல மடங்கு. 2016இல் கனடாவில் 122 நோயாளிகளை வைத்துப் பார்த்தார்கள். பனிக்காலத்தில் மட்டும் வரும் மனச்சோர்வு அல்ல, சாதாரண மனச்சோர்வு. தினமும் எழுந்ததும் அரை மணி நேரம் 10,000 லக்ஸ் விளக்கின் முன் உட்கார்ந்தவர்களுக்கு முன்னேற்றம் இருந்தது, விளக்கோடு மாத்திரையும் சேர்ந்தபோது இன்னும் நன்றாக. எனக்கு விளக்கு வாங்கல. அம்மா மொட்டை மாடியில வடாம் பிழிஞ்சு காயப்போட்டு, தண்ணி டேங்க் நிழல்ல என்னைக் காக்கா ஓட்ட உட்கார வெச்சாங்க. படுக்கும் அறை ஜன்னலுக்குப் பழைய கறுப்புப் போர்வையை ஆணி அடிச்சு மாட்டினோம். வீட்டு ஓனர் ஆணிக்குச் சண்டை போட்டார்.

ஒரு எச்சரிக்கை. இருமுனைக் கோளாறு இருக்கிறவங்க, அதாவது சில காலம் அதீத உற்சாகம், தூக்கமே தேவைப்படாத வேகம்னு இருந்தவங்க, வெளிச்ச சிகிச்சையையும் தூக்க நேரம் மாத்துறதையும் டாக்டரைக் கேட்காம செய்யவே கூடாது. அந்தப் பக்கம் தூக்கிவிடும்.

மூணாவது ராத்திரிச் சாப்பாடு. ஒரு மணி பிரியாணியை விடச் சொன்னாங்க. அப்போ எரிச்சலா இருந்தது. 2022இல் அமெரிக்காவில் 19 பேரை வைத்து ஒரு சின்ன ஆய்வு வந்தது. நைட் ஷிஃப்ட் போலவே நேரத்தைப் புரட்டி வைத்து, ராத்திரியிலும் சாப்பிட்டவர்களுக்கு மனச்சோர்வு போன்ற மனநிலை 26 சதவீதம் கூடியது. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்குக் கூடவில்லை. சின்ன ஆய்வுதான், 19 பேரை வெச்சு ஊருக்கே சட்டம் போட முடியாது. ஆனா செலவில்லாத முயற்சி. நான் சாயங்காலம் கேப் ஏறும் முன் வயிறார சாப்பிட்டு, நடுவில் மோர் மட்டும் குடிச்சுப் பழகினேன்.

மூணு மாசத்துல காலைப் பாரம் குறைஞ்சுது. மாத்திரையா, மாடியா, வார இறுதியான்னு எனக்குப் பிரிச்சுச் சொல்லத் தெரியாது. டாக்டர் கடிதத்தோட ஷிஃப்ட் மாத்தக் கேட்டேன். முதல்ல "எல்லாரும் தானே பார்க்கறாங்க"ன்னாங்க. ஆறு மாசம் கழிச்சு லண்டன் புராசஸ்ல இடம் கிடைச்சது, மத்தியானம் ஒன்றரையிலிருந்து ராத்திரி பத்தரை. ஆக, கடைசியில லண்டனுக்கு வேலை பார்த்துத்தான் தூக்கம் சென்னைக்கு வந்துச்சு. சம்பளத்துல நைட் அலவன்ஸ் போச்சு, அது சின்ன தொகை இல்லை. வீட்டு லோன் இருக்கிறவங்களால இப்படி விட முடியாதுன்னு எனக்குத் தெரியும். எங்களை இறக்கிவிடும் கேப் டிரைவர் அண்ணன்கிட்ட ஒரு தடவை, "நீங்க எப்போண்ணா தூங்குவீங்க?"ன்னு கேட்டேன். "ரெண்டு டிரிப்புக்கு நடுவுல கந்தன்சாவடியில வண்டியை ஓரங்கட்டிட்டு. வீட்டுக்குப் போனா பையனை ஸ்கூல்ல விடணும்மா"ன்னார். அவருக்கு ஹெச்.ஆர்.கிட்ட கடிதம் கொடுக்கிற வழியும் இல்லை.

காலையில் எழுந்திரிக்காமலே போனா நல்லாருக்கும்னு யாருக்காவது தோணுச்சுன்னா, தூக்க நோட்டு எழுதி முடிக்கிற வரைக்கும் காத்திருக்காதீங்க. 14416, டெலி மானஸ், மத்திய அரசோட இலவச எண், 24 மணி நேரமும் உண்டு, தமிழ்ல பேசலாம். நைட் ஷிஃப்ட் பிரேக்ல ராத்திரி ரெண்டு மணிக்கும் எடுப்பாங்க. சென்னையில 1986லேருந்து சினேகா அமைப்பும் இருக்கு.

அடுத்த பகுதியில் ரெண்டு நர்ஸ்கள் பேசப்போறாங்க. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவுன்னு மாறி மாறி வர்ற டியூட்டி. அது என் கதையை விடச் சிக்கல். கேள்விகளை முன்னாடியே அனுப்பி வைங்க.